அவென்யூ சாலையில் அதே மயில் படம்: பத்தித் தொழிலில் பெயரைக் காப்பது எப்படி?

கேள்வி, 2025 செப்டம்பர் 6

பெங்களூரு காமாட்சிபாளையாவில் சில வருடங்களாக ஊதுபத்தியும் கம்ப்யூட்டர் சாம்பிராணியும் செய்து விற்கிறேன். டிரேட் மார்க் பதிவு செய்தாயிற்று, விண்ணப்ப எண் கையில் இருக்கிறது. இப்போது அவென்யூ சாலை மொத்தக் கடையில் என் பாக்கெட்டைப் போலவே ஒன்று தொங்குகிறது. அதே ஊதா நிறம், அதே மயில், பெயரில் ஓரெழுத்து மட்டும் வேறு. காவல் நிலையத்துக்குப் போனேன். கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பணம் கட்டிப் பதிவு செய்து என்ன கண்டேன்? சிறு வியாபாரிக்குச் சட்டம் கிடையாது என்பதே என் முடிவு.

செப்டம்பர் 7

தம்பி, கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நானும் இதே ஊரில், ஸ்ரீராமபுரத்தில், இதே பத்தித் தொழிலில் இருப்பவள். சட்டம் இருக்கிறது. நீங்கள் தட்டியது வேறு கதவு.

காவல் நிலையத்தை முதலில் பார்ப்போம். வணிகக் குறிச் சட்டம் 1999, பிரிவு 115இன்படி, போலிக் குறி போட்ட சரக்கைத் தேடிப் பறிமுதல் செய்யும் அதிகாரம் துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாதவருக்குத்தான் உண்டு. பெங்களூருவில் உதவி ஆணையர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் சோதனைக்கு முன் வணிகக் குறிப் பதிவாளரின் கருத்தைக் கேட்டு வாங்கியாக வேண்டும். ஸ்டேஷனில் உங்களிடம் பேசிய சப் இன்ஸ்பெக்டர் மனது வைத்திருந்தாலும் அன்று மாலையே சரக்கை அள்ளி வந்திருக்க முடியாது. அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் அவசரமானது. உங்கள் கையில் இருப்பது விண்ணப்ப எண். அது பதிவு ஆகாது. கர்நாடக விண்ணப்பங்கள் சென்னை கிண்டி அலுவலகத்துக்குப் போகின்றன. அங்கே பரிசோதித்து, வணிகக் குறி இதழில் வெளியிட்டு, நான்கு மாதம் யாரும் ஆட்சேபிக்காமல் இருந்தால்தான் சான்றிதழ் வரும். அதுவரை பாக்கெட்டில் டிஎம் என்று போடலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்டிருக்கிறது. பதிவாகாத குறிக்கு அந்த வட்டம் போடுவது பிரிவு 107இன்படி தண்டம் கட்ட வேண்டிய தவறு. அடுத்த அச்சு வரும்வரை காத்திருக்காமல் அதை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எதிராளியின் வக்கீல் கண்ணில் முதலில் படப்போவது அதுதான்.

மூன்றாவது, நல்ல செய்தி. பதிவே இல்லாதவருக்கும் வழி உண்டு. தன் சரக்கை உங்கள் சரக்கு என்று நினைக்க வைத்துத் தள்ளிவிடுகிறவர் மேல் வழக்குப் போடும் உரிமையைப் பிரிவு 27 அப்படியே விட்டு வைத்திருக்கிறது. பாசிங் ஆஃப் என்பார்கள் வக்கீல்கள். அதற்கு வேண்டியது சான்றிதழ் இல்லை. அந்தப் பெயரை நீங்கள் முதலில் பிடித்தீர்கள், அந்தப் பெயருக்காக மக்கள் வாங்கினார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்களைத் தெரியாத ஒருவரை அந்தக் கடைக்கு அனுப்பி, போலிப் பாக்கெட்டைப் பில்லோடு வாங்கி வரச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். சண்டை போட்ட மறுநாள் சரக்கு குடோனுக்குப் போய்விடும்.

செப்டம்பர் 8

நேற்று எழுதாமல் விட்டது: சான்றிதழ் வந்துவிட்டால் பதிவு விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கில் வரும். எனவே விண்ணப்பம் வீண் என்று யாரும் படிக்க வேண்டாம்.

செப்டம்பர் 14

உங்கள் பத்தியை விற்றபோது நீங்கள் போட்ட பில்லை அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்தேன். அதில் இருப்பது: "அகர்பத்தி, 20 டஜன்". இப்படித்தான் இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் பில் போடுகிறார்கள். பெயர் எங்கே? வாங்குகிறவரும் விற்கிறவரும் அறிந்த சரக்கு, பெயரை எதற்கு எழுத வேண்டும் என்ற சோம்பல். பல வருட வியாபாரம் செய்தவர், நீதிபதி முன் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லாமல் நிற்பது இதனால்தான்.

எங்கள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மாகடி சாலையில் ஒரு பத்திக் கம்பெனியில் மாவு பிசைந்தவர். கரித்தூளும் ஜிகட் என்ற ஒட்டும் பட்டைத்தூளும் மரத்தூளும் கலந்து பிசைந்து கொடுத்தால் வீடு வீடாகப் பெண்கள் உருட்டுவார்கள். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு அவரே சிறிதாகத் தொடங்கி, ஒரு பெயர் வைத்து, சிவகாசியில் பாக்கெட் அடித்து வாங்கினார். அதிகம் படிக்காத மனிதர். ஆனால் பில் புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் பத்தியின் பெயரை எழுதுவார், கன்னடத்திலும் தமிழிலும் கலந்து. ஏன் என்று கேட்டால், எந்தப் பத்தி எவ்வளவு ஓடுகிறது என்று தெரிய வேண்டாமா என்பார். அவர் எழுதியது கணக்குக்காக.

அவர் காலமான பிறகு, எங்களிடம் சரக்கு எடுத்து வடகர்நாடகத்தில் விற்றுவந்த ஒரு விநியோகஸ்தர் எங்கள் பெயரிலேயே பத்தி போட ஆரம்பித்தார். பெயருக்கு முன்னால் "ஸ்ரீ" மட்டும் கூடுதல். கேட்டதற்கு, உங்கள் பெயரை அந்த ஊர்களில் தெரிய வைத்ததே நான்தான், அது எனக்குச் சொந்தம் என்றார். எங்களுக்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பித்தும் இருந்தார். அந்த நாளில் என்னைத் தூக்கி நிறுத்தியவை அப்பாவின் பில் புத்தகங்கள். பத்தியின் பெயர் எழுதிய சலான்கள், அந்த விநியோகஸ்தரே கையெழுத்திட்டு அனுப்பிய ஆர்டர் கடிதங்கள், சிவகாசி அச்சகம் முதல் பாக்கெட்டுக்கு அனுப்பிய மாதிரித் தாள், விற்பனை வரிக் கணக்கு. எங்கள் வக்கீல் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பிரமாணப் பத்திரத்தோடு இணைத்தார். சிட்டி சிவில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. எதிர்த்தரப்பின் ஆர்டர் கடிதம்தான் முக்கியமான அத்தாட்சி. எங்கள் பெயரைச் சொல்லி எங்களிடமே சரக்குக் கேட்டவர் அந்தப் பெயரைத் தனது என்று எப்படிச் சொல்வார்?

எனவே தம்பி, நாளைக் காலையிலிருந்து பில்லில் பெயர் வர வேண்டும். ஜிஎஸ்டி பில் போடும் மென்பொருளில் சரக்கின் விவரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே பத்தியின் பெயரை அடியுங்கள். வேறு எந்தச் செலவும் இல்லை.

செப்டம்பர் 15

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: பழைய பில்லில் பெயர் இல்லாவிட்டால் இப்போது எழுதிச் சேர்க்கலாமா? கூடாது. அது பொய் ஆவணம். நல்ல வழக்கையும் அது கெடுத்துவிடும். அதற்குப் பதில் வேறு இடங்களில் தேடுங்கள். அச்சகத்தின் பில்லில் பாக்கெட்டின் பெயர் இருக்கும், அவர்கள் வேலையே அது. லாரி ஆபீஸ் ரசீது, திருவிழாக் கடைக்கு எடுத்த பேனரின் பில், உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம், கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் பெயர் சொல்லி அனுப்பிய ஆர்டர் எல்லாமே உதவும்.

செப்டம்பர் 21

பதிவு உள்ளவரே ஜெயிப்பார், பில்லைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று ஒருவர் மறுத்திருக்கிறார். நம் ஊர் உதாரணத்தையே சொல்கிறேன். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. பலகை வைத்து வந்த பெயர் இல்லை அது. மங்கலான வெளிச்சத்தில் நடந்த கடைக்கு வாங்க வந்தவர்கள் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சேர்த்து இன்னொருவரும் பதிவு வாங்கியிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015இல் தீர்ப்பு வந்தது. இருவரிடமும் பதிவு இருந்தாலும், முந்திப் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்றது நீதிமன்றம். பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமையை அங்கீகரிப்பதே தவிர, புதிதாக ஒன்றைப் படைப்பதில்லை என்பது அதன் சாரம்.

இங்கேதான் ஏஜெண்டுகளிடம் எனக்குக் கோபம். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: இந்தக் குறி எந்தத் தேதியிலிருந்து பயன்பாட்டில் உள்ளது, அல்லது இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறீர்களா? தேதி போட்டால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் இணைக்க வேண்டும். அந்த வேலைக்குச் சலித்துக்கொண்டு, பதினைந்து வருடம் பழகிய பெயருக்கும் "இனிமேல்தான்" என்று குறித்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் வாயாலேயே உங்கள் பழைமையை மறுத்த மாதிரி ஆகிவிடும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைப் படியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் சரக்கு வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. ஊதுபத்தி மூன்றாம் வகுப்பில் வரும். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருக்கும் நிறுவனத்திடம் 9,000 வாங்கினால் ஏன் என்று கேளுங்கள்.

செப்டம்பர் 22

தேதியும் கணக்கோடு இருக்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து என்று சொல்லிப் பழைய வருடத்தைப் போட்டுவிட்டு, காகிதம் பத்து வருடம் கழித்துத்தான் தொடங்குகிறது என்றால் எதிராளி அதையே பிடித்துக்கொள்வார். காட்டக்கூடிய தேதியைப் போடுங்கள்.

அக்டோபர் 2

போலிப் பாக்கெட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மயிலின் தோகை உங்கள் படத்திலிருந்து எடுத்ததுதான், சந்தேகமே இல்லை. ஓரெழுத்து வேறாக இருப்பதால் தப்பித்துக்கொள்வாரோ என்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டு பாக்கெட்டையும் அருகருகே வைத்து வித்தியாசம் எண்ணுவது சட்டத்தின் முறை கிடையாது. மைசூர் நிறுவனம் ஒன்றின் மேல் பார்லே தொடுத்த பிஸ்கட் உறை வழக்கில் 1972இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. இரண்டு உறைகளிலும் ஒரு பெண், மாடுகள், கோழிகள். நிறமும் அளவும் ஒன்று போல. அந்தப் பெண் கையில் வைத்திருந்தவை வேறு என்ற வாதம் எடுபடவில்லை. ஒன்றை என்றோ பார்த்தவர் இன்னொன்றை இன்று பார்த்தால் அதுவே இது என்று எடுத்துவிடுவாரா என்பதுதான் கேள்வி. ஊதுபத்தி வாங்குகிறவர் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாங்குகிறார். ஊதா நிறம், மயில், அவ்வளவுதான் அவர் மனதில் நிற்கும்.

இன்னொரு விஷயம், யாரும் கவனிக்காதது. பத்தியைப் போலி செய்ய யாருக்கும் தனித் திறமை தேவையில்லை. வெற்றுப் பத்தி கிலோக் கணக்கில் சந்தையில் கிடைக்கிறது. வாசனைத் தைலத்தில் முக்கி எடுத்தால் சரக்கு தயார். போலியின் உயிர் பாக்கெட்டில் இருக்கிறது. பாக்கெட் எங்கோ ஓர் அச்சகத்தில் அச்சடிக்கும் பிளேட்டாகவும் அட்டையை வெட்டும் டையாகவும் இருக்கிறது. குறியைப் போலி செய்வதற்கான பிளேட், அச்சு, கருவி இவற்றைச் செய்வதும் வைத்திருப்பதும் பிரிவு 103இன்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். கடையில் நூறு பாக்கெட்டைப் பிடித்தால் அடுத்த வாரம் நூறு பாக்கெட் வரும். பிளேட்டைப் பிடித்தால் நிற்கும். பாக்கெட்டின் மடிப்பு ஓரத்தில் அச்சகத்தின் குறியெழுத்து சில சமயம் சிறிதாக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அக்டோபர் 5

மேலே எழுதியதை மீண்டும் யோசித்தேன். அச்சகத்துக்காரரை எடுத்த எடுப்பில் குற்றவாளியாக்குவதில் எனக்கு இப்போது தயக்கம். சிவகாசியில் நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு நடுவே ஆர்டர் கொண்டு வந்தவர் கொடுத்த படத்தை அடித்துக் கொடுக்கிறார்கள். எங்கள் விவகாரத்தில் எங்களுக்கு அடித்தவருடைய சம்பந்தியின் அச்சகத்தில்தான் போலியும் அடிக்கப்பட்டது. ஒரு கடிதம் போட்டோம், எங்கள் பழைய மாதிரித் தாளின் நகலோடு. பதறிப்போய் பிளேட்டை உடைத்துவிட்டு, யார் ஆர்டர் கொடுத்தார், எவ்வளவு அடித்தோம் என்று எழுதியும் கொடுத்தார். அந்தக் கடிதம் வழக்குக்கு எவ்வளவு பலம்! முதலில் கடிதம், அதற்கு மசியாவிட்டால் மற்றது.

மொத்தக் கடைக்காரர் விஷயத்திலும் அப்படியே. அவர் உங்கள் சரக்கையும் விற்கிறார். அவரைப் பகைத்தால் உங்கள் பத்திக்கும் அலமாரியில் இடம் போய்விடும்.

அக்டோபர் 19

மயில் படம் யாருடையது என்று சொல்லவே இல்லையே? ராஜாஜிநகரில் ஒரு பையன் வரைந்து கொடுத்தான், மூவாயிரம் கொடுத்தேன் என்கிறீர்கள். பணம் கொடுத்ததாலேயே படம் முழுக்க உங்களுடையது என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி வரைந்தவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. அவர் உங்களிடம் சம்பளத்துக்கு இருந்தாலோ, காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னதாக இருந்தாலோ விலக்கு உண்டு. ஆனால் கம்ப்யூட்டரில் செய்த பாக்கெட் வடிவமைப்பு அந்த விலக்கில் அடங்குமா என்று நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருப்பதை விட அவரிடம் எழுதி வாங்குவது மேல். எழுதும்போது ஒரு கண்ணி இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்தோடு முடியும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்ற சொற்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். அந்தத் தம்பிக்கு இன்னும் இரண்டாயிரம் கொடுத்தாலும் தகும். நல்ல மயில்.

அக்டோபர் 30

இந்த வாரம் வந்த முக்கியமான தீர்ப்பு. வணிக வழக்குகளில் அவசரத் தடை கேட்காவிட்டால் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும், வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015இல் 12ஏ பிரிவு. கொஞ்சம் தாமதமாக வந்தாலே, இவருக்கு அவசரம் இல்லை என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் இருந்தது. தொடர்ந்து நடக்கும் அறிவுசார் சொத்து மீறலில் ஒவ்வொரு நாளும் புதுச் சேதம், தாமதத்தை மட்டும் வைத்து அவசரம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காகிதம் தேட நேரம் எடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அதற்காக வருடக் கணக்கில் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிற்பாடு பதிவு வாங்கியவர் உங்கள் கண் முன்னே ஐந்து வருடம் தொடர்ந்து பயன்படுத்தி, நீங்கள் தெரிந்தே பேசாமல் இருந்தால், பிறகு அவரைத் தடுக்கும் உரிமை போய்விடும். வணிகக் குறிச் சட்டம், பிரிவு 33.

நவம்பர் 9

சாமி பெயர் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பத்தித் தொழிலில் இது தலைமுறை தலைமுறையாக வரும் கேள்வி, ஏனென்றால் பாதிப் பாக்கெட்டுகளில் ஏதோ ஒரு தெய்வம் இருக்கிறது. "ராமாயண்" என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கூடவே வேறு சொல் சேர்ந்து தனித்தன்மை பெற்றால் கதை வேறு. வைப்பதற்குத் தடையில்லை. ஆனால் அடுத்தவரும் வைப்பார், அவரைத் தடுக்க முடியாது. எங்கள் மாமியார் முருகன் பெயரை வைக்கச் சொன்னார். முருகனைப் படமாகப் பூசை அறையில் வைப்போம், பத்திக்கு நாமே ஒரு பெயர் கட்டுவோம் என்றேன். அவருக்கு அன்று வருத்தம்தான்.

"மைசூர்" என்று போடுவதற்கும் கவனம் வேண்டும். மைசூர் அகர்பத்தி 2005இலேயே புவிசார் குறியீடு பெற்றது. அகில இந்திய அகர்பத்தி உற்பத்தியாளர் சங்கம் வாங்கியது அது, பெங்களூருவில்தான் இருக்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பெயர் சேர்த்துக்கொண்டு போடுங்கள். அடுத்தவர் உங்கள் பெயரைத் தொட்டால் நமக்கு எப்படி எரிகிறது? ஓர் ஊரே சேர்ந்து சம்பாதித்த பெயர் அது.

நவம்பர் 29

வாசனையைப் பதிவு செய்ய முடியுமா என்று போன மாதம் ஒருவர் கேட்டபோது பதில் எழுதாமல் வைத்திருந்தேன். இந்த வாரம் எல்லாரும் அதையே பேசுகிறார்கள். ஜப்பானின் சுமிட்டோமோ ரப்பர் நிறுவனம் டயருக்கு ரோஜா மணம் ஏற்றி அதை வணிகக் குறியாகக் கேட்டிருந்தது. வாசனையை வரைபடமாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைதான் இந்தியாவில் இத்தனை நாள் தடை. அலகாபாத் ஐஐஐடி பேராசிரியர்கள் மணத்தை ஏழு அளவுகோல்களில் எண்ணாக்கிக் கொடுக்க, இந்த மாதம் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் முதல் முறை.

நம்மவர்கள் உடனே, அப்படியானால் என் மல்லிகைப் பத்தியின் வாசனையைப் பதிவு செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார்கள். நடக்காது என்பதே என் எண்ணம். டயரில் ரோஜா மணம் யாரும் எதிர்பார்க்காதது. அதனாலேயே அது யாருடைய டயர் என்று அடையாளம் காட்டும். ஊதுபத்தியை வாங்குவதே மணத்துக்காக. பத்தியில் மல்லிகை மணம் சரக்கின் குணம். அது தயாரித்தவரின் அடையாளம் ஆகாது. நமக்கு மணம் பாதுகாப்பாக இருக்க வேண்டிய இடம் வேறு, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

டிசம்பர் 12

அந்தத் தனிக் குறிப்பு. நம் ஃபார்முலா ரகசியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். யாரிடம் இருக்கிறது அது? பெரும்பாலான சிறிய பத்திக்காரர்கள் வாசனைத் தைலத்தைத் தயார் கலவையாக ஒரு வியாபாரியிடம் வாங்குகிறார்கள். எண்ணைச் சொன்னால் டின் வரும். கலவையின் ரகசியம் அவர் புத்தகத்தில் இருக்கிறது. அதே எண் டின்னை உங்கள் போட்டியாளருக்கும் விற்பதற்கு அவருக்குத் தடை ஏதும் இல்லை, நீங்கள் எழுதி வாங்காத வரை. இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆவது அறிக்கையில் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. அதுவரை ஒப்பந்தமே சட்டம். "இந்தக் கலவையை இத்தனை வருடம் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை" என்று வியாபாரியிடம் எழுதி வாங்குங்கள். மாதம் இவ்வளவு எடுப்பேன் என்று நீங்கள் உறுதி கொடுத்தால் அவரும் ஒப்புவார். அல்லது நாங்கள் செய்வது போல, வாங்கிய கலவைகளை வீட்டில் நீங்களே ஒரு விகிதத்தில் சேருங்கள்.

வேலைக்காரர் விலகிப் போய் அதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கலாமா என்றால், வேலையில் இருக்கும் காலத்துக்குச் செல்லும். விலகிய பின் பிழைப்பையே தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் செல்லாது. செல்லாமல் இருப்பதும் நியாயமே. இன்று சொந்தமாகப் பத்தி போடுகிறவர்களில் எத்தனை பேர் நேற்று இன்னொருவருடைய மாவைப் பிசைந்தவர்கள்! எங்கள் அப்பாவும் அப்படித்தான் வந்தார். கையில் கற்ற தொழிலை யாரும் திரும்பக் கேட்க முடியாது. ரகசிய விகிதத்தை எடுத்துச் செல்லக் கூடாது என்று மட்டும் எழுதி வாங்குங்கள்.

2026 ஜனவரி 11

கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து செய்தி. ஓரெழுத்து மாற்றிய அந்த ஆளும் பதிவுக்கு விண்ணப்பித்து, அது இதழில் வெளியாகியிருக்கிறது. இதற்கு ஏன் பயப்பட வேண்டும்? வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் போடலாம். இணையவழியில் வகுப்புக்கு 2,700 ரூபாய். நான்கு மாதம் தாண்டினால் அவகாசம் கேட்டாலும் கிடைக்காது, அதனால் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஆட்சேபத்தின் நகல் அவருக்குப் போன பின் இரண்டு மாதத்துக்குள் அவர் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். போலிக்காரர்கள் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், பதிலில் பொய்யைக் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா.

இதழ் வாரா வாரம் வெளியாகிறது, இணையத்தில் இலவசம். எங்கள் வீட்டில் என் மகள் திங்கட்கிழமை தோறும் மூன்றாம் வகுப்பைப் புரட்டிவிடுகிறாள்.

ஜனவரி 12

வக்கீல் நோட்டீசில் கண்டபடி மிரட்டலாமா என்று கேட்டவருக்கு: ஆதாரமில்லாமல் மிரட்டினால் வணிகக் குறிச் சட்டத்தின் பிரிவு 142இல் அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். நோட்டீஸ் அனுப்பும்போதே வழக்குக் காகிதம் தயாராக இருக்கட்டும். எதிராளி முந்திக்கொண்டு ஒருதலையாக எதையாவது வாங்கிவிடுவார் என்ற பயம் இருந்தால் என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்று நீதிமன்றத்தில் முன்மனு, அதாவது கேவியட், போட்டு வையுங்கள். தொண்ணூறு நாள் செல்லும்.

ஜனவரி 25

மலேசியாவுக்கு ஏற்றுமதி செய்யும் ஒருவர், அங்குள்ள ஏஜெண்டு தன் பெயரிலேயே குறியைப் பதிவு செய்து தருகிறேன் என்கிறார், செலவு மிச்சம் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறார். ஐயா, வேண்டாம். இந்தியப் பதிவு இந்தியாவோடு சரி. அங்கே ஏஜெண்டு பெயரில் பதிவானால், நாளை அவரோடு மனத்தாங்கல் வந்து வேறு ஆளுக்கு அனுப்பும்போது உங்கள் சொந்தச் சரக்கையே அங்கே துறைமுகத்தில் நிறுத்த அவரால் முடியும். பல நாடுகளில் குறிப் பதிவு கேட்க மாட்ரிட் நெறிமுறை என்று ஓர் உலக ஒப்பந்தம் உண்டு, இந்தியா 2013 ஜூலையில் அதில் சேர்ந்தது. மலேசியா 2019 டிசம்பரில் சேர்ந்தது, சிங்கப்பூர் அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே. இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் உங்கள் பெயரில் கேட்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: முதல் ஐந்து வருடத்துக்கு அது இந்திய விண்ணப்பத்தைச் சார்ந்தே நிற்கும், இங்கே விழுந்தால் அங்கும் விழும். அதனால்தான் இங்கே பயன்பாட்டுத் தேதியும் ஆதாரமும் பலமாக இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பிப்ரவரி 15

தம்பியின் எதிராளி ஆட்சேபத்தைக் கண்டதும் பேச வந்துவிட்டார். அவென்யூ சாலைக் கடைக்காரரே நடுவில் நின்று கூட்டி வந்தாராம். மன்னித்து விட்டுவிடலாமா, எழுதி வாங்கலாமா என்று கேட்கிறார்.

மன்னியுங்கள், எழுதியும் வாங்குங்கள். அதையும் நூறு ரூபாய் முத்திரைத்தாளில் உங்களுக்குள் முடிக்காதீர்கள். நாளை அவர் மீறினால் அந்தத் தாளை வைத்து மறுபடி முதலிலிருந்து வழக்குப் போட வேண்டியிருக்கும். விவகாரத்தின் மதிப்பு மூன்று லட்சத்துக்கு மேல் வரும் என்பதால் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் வழியாகச் சமரசத்துக்கு மனுச் செய்து, அங்கே இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்புக்கு உள்ள மதிப்பு உண்டு, மீறினால் நேராக நிறைவேற்றக் கேட்கலாம்.

உள்ளே இருக்க வேண்டியவை: அந்தப் பெயரையும் மயிலையும் ஊதா உறையையும் அவரோ, மனைவி மக்கள் பெயரில் நடத்தும் கம்பெனியோ, வேறு எந்தப் பெயரிலோ இனிப் பயன்படுத்துவதில்லை. பதிவு விண்ணப்பத்தை இந்தத் தேதிக்குள் திரும்பப் பெறுகிறார். பிளேட்டையும் டையையும் உங்கள் ஆள் முன்னால் உடைக்கிறார். மீதிப் பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லி ஒப்படைக்கிறார், உள்ளே இருக்கும் பத்தியை அவரே எடுத்து வேறு உறையில் விற்றுக்கொள்ளட்டும். அதை உருட்டிய பெண்களின் கூலி அதில் இருக்கிறது, எரிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. இணையக் கடைகளில் போட்ட படங்களையும் எடுக்க வேண்டும், இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நஷ்ட ஈடு எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். வக்கீல் செலவையாவது கேளுங்கள்.